நீருக்கு வழி, காற்றுக்கு வரம்பு
(ஈப்போவின் புந்தோங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நீடித்து நிற்கும் கட்டடங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தலைப்பைக் கேட்டவுடன் பூகம்பம், புயல், பெருந்தீ முதலிய பெரிய விபத்துகளே பலருடைய மனத்தில் எழும். கிந்தா பள்ளத்தாக்கிலே குடியிருக்கும் நமக்கு அவற்றால் நேரக்கூடிய அபாயம் சொற்பமே. 1892-ஆம் ஆண்டில் ஈப்போ நகரின் பெரும்பகுதியைத் தின்று தீர்த்த நெருப்பை ஒரு புறம் வைத்துவிட்டுப் பார்த்தால், இவ்வூரில் வீடுகளை அழித்துவந்தவை, பிற்பகல்தோறும் மலைப்பக்கத்திலிருந்து இரைந்துகொண்டு இறங்கும் மழையும், மழை ஓய்ந்த பின்னும் நம்மை விட்டு நீங்காத ஈரக்காற்றுமே ஆகும். இவை இரண்டும் ஒரே இரவில் எதையும் இடித்துத் தள்ளுவதில்லை. ஆகையினாலேதான் இவற்றின் மேல் நமக்குப் பயமும் இல்லை, பராமுகம் மட்டும் நிறைய இருக்கிறது.

ஈப்போவில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். சென்னையில் 1,400, லண்டன் மாநகரிலோ, ஓயாத தூறலுக்குப் பேர்போன ஊராயிருந்தும், 600 மில்லிமீட்டர் அளவுதான். ஆயிரம் சதுர அடிக் கூரையுள்ள ஒரு வீட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால், அதன் தலைமீது மட்டும் வருஷந்தோறும் இரண்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டருக்குக் குறையாமல் ஜலம் விழுகிறது. இவ்வளவு ஜலமும் எந்த வழியாக இறங்கி, எங்கே போய்ச் சேர்கிறது என்பதை வீட்டின் வரைபடத்தைக் கையில் வாங்கும்போது நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சமையலறை எத்தனை அடி, காரை எங்கே நிறுத்துவது, பூஜை மாடம் எந்தத் திசை பார்த்திருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கிறோம். மழைத் தண்ணீரின் பிரயாணத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

நான் இன்று சொல்ல வந்த செய்தி ஒன்றே. தண்ணீரை முற்றிலும் உள்ளே விடாமல் அடைத்துவிடலாம் என்று எண்ணிக் கட்டிய வீடு சீக்கிரம் கெடும். எப்படியும் அது உள்ளே வரும், வந்தால் இந்த வழியாக வெளியேறட்டும் என்று முன்கூட்டியே எண்ணிக் கட்டிய வீடு நிலைக்கும். காற்றின் விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான், சிறிது வித்தியாசத்தோடு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் முன்னோர்களாகிய ஸ்தபதிகள் இந்த சூட்சுமத்தை நன்கு உணர்ந்திருந்தார்கள் என்பதற்குக் கோயில்களே சாட்சி. 1010-ஆம் ஆண்டில் முடிவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்தைப் பார்த்து வியப்பவர்கள், அதன் அடித்தளமாகிய அதிஷ்டானம் தரையிலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதையும், கருவறையில் அபிஷேகம் செய்த நீர் சுவருக்குள் ஊறாமல் கோமுகத்தின் வழியாக வெளியே விழுமாறு அமைத்திருப்பதையும் சற்று நின்று கவனிக்க வேண்டும். புதுக்கோட்டைச் சீமையிலே ஆவுடையார்கோயில் என்ற தலம் இருக்கிறது. மரச்சட்டங்களையும் அவற்றில் அறைந்த ஆணிகளையுங்கூடக் கருங்கல்லிலே செதுக்கிக் காட்டியிருக்கும் அதன் கொடுங்கை உலகப் பிரசித்தம். 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' வேறு எதையும் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்கள் என ஒரு கர்ணபரம்பரை வழக்கமும் உண்டு. அந்த வேலைப்பாட்டை ரசிப்பவர்கள் பலர்; கொடுங்கை எதற்காக ஏற்பட்டது என்று யோசிப்பவர்கள் சிலரே. மேலிருந்து வழியும் மழைநீரைச் சுவரைத் தொடவிடாமல் வெளியே தூக்கி எறிவதே அதன் முதற் காரியம். அழகெல்லாம் அதற்குப் பிற்பாடு வந்து சேர்ந்தது.

இதே காரியத்தைச் செய்யும் மிகச் சிறிய அமைப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் கான்கிரீட் பலகையின் அடிப்பக்கத்தில், வெளிவிளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளக்கோடு இழுத்திருப்பதைப் பழைய கட்டடங்களிலே பார்க்கலாம். பலகையின் மேலே விழுந்த ஜலம் விளிம்புக்கு வந்ததும் நேரே சொட்டிவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது அப்படிச் செய்வதில்லை. அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே உள்நோக்கி ஊர்ந்து, ஜன்னல் சட்டத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கோட்டைக் கண்டதும் அதைத் தாண்ட இயலாமல் அங்கேயே திரண்டு கீழே விழும். கான்கிரீட் வார்க்கும்போது பலகை அடைப்பிலே ஒரு மெல்லிய மரச்சட்டத்தை ஆணியடித்து வைத்தால் இந்தக் கோடு செலவில்லாமல் கிடைத்துவிடும். இங்கே இருக்கும் கொத்தனார்கள் அறியாத விஷயம் அல்ல இது. கேட்பவர் இல்லை, கேட்காததை யார் செய்வார்கள்?

கோயிலுக்காகத் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும். மற்றவற்றுக்கு நம் பேராக் மாநிலத்தை விட்டு நகர வேண்டியதில்லை. கூரையினின்று வரும் நீரைப் பற்றித்தான் இதுவரை பேசினேன். பூமிக்கடியிலிருந்தும் அது தன் வேலையைக் காட்டும் என்பதற்கு, குடிநீர்த் தொட்டியைச் சுமப்பதற்காக 1885-இல் எழுந்து, நீரோட்டமுள்ள மெல்லிய மண்ணிலே ஒரு புறம் சாய்ந்துவிட்ட தெலுக் இந்தான் கோபுரமே போதும். இதற்கு மாறாக, அதே மாநிலத்தின் கோலகங்சாரிலே, 1926-இல் ஓர் ஆணிகூட இல்லாமல் மரத்தாலும் மூங்கிலாலும் கட்டப்பட்ட இஸ்தானா கெனாஙான் என்னும் சிறிய அரண்மனை, தரையைத் தொடாமல் தூண்களின் மேல் நின்று, மூங்கில் பின்னிய சுவர்களின் வழியே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

ஈப்போ இரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்பவர் வரைந்து, 1917-இல் முடிவுற்ற அந்த வெள்ளைக் கட்டடத்தை ஈப்போவின் தாஜ்மஹால் என்று சொல்லிப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். குவிமாடத்தைக் காட்டிலும் எனக்கு விசேஷமாகத் தோன்றுவது அதன் முகப்பிலே ஏறத்தாழ 600 அடி நீளத்துக்கு ஓடும் தாழ்வாரந்தான். சாரல் அதன் வளைவுகளின் வழியே உள்ளே நுழைகிறது, தரையை நனைக்கிறது, அங்கேயே உலர்ந்துவிடுகிறது. பிரதான சுவர்வரை சென்று சேர்வது அபூர்வம். பழைய பட்டணத்துக் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையும் இதே தத்துவத்தைக் கொண்டதுதான். சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்டபோது 1822-இல் ராஃபிள்ஸ் விதித்த நிபந்தனையிலிருந்து மலாயா முழுவதும் பரவிய அப்பாதை, நடப்பவனுக்குக் குடையாக இருப்பதோடு கடையின் முன்சுவருக்கும் குடையாக இருக்கிறது. இன்று அதை அடைத்து, கண்ணாடி வைத்து, அறையாக மாற்றிக்கொண்டவர்கள் சுவருக்கு இருந்த பாதுகாப்பையும் சேர்த்தே இழந்துவிட்டார்கள்.

பத்து காஜாவின் பக்கத்தில் உள்ள கெல்லியின் கோட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நமக்குச் சம்பந்தம் உண்டு. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரப்பரிலும் ஈயத்திலும் பெரும்பொருள் ஈட்டி, 1915-இல் தமக்கென ஒரு மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. கட்டுவதற்கு வேண்டிய தொழிலாளர்களும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தார்கள். முதல் உலகப்போரின் முடிவில் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் அவர்களுள் பலரைப் பலிகொண்டது. மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுப்பினாலன்றி வேலை நடவாது என்று தொழிலாளர் கேட்டுக்கொள்ள, துரையும் இசைந்து கட்டித் தந்தார். அந்தக் கோயிலில் தெய்வ உருவங்களின் வரிசையிலே துரையின் உருவமும் இன்று நிற்கிறது. 1926-இல் அவர் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்துபோக, மாளிகை முடிவு பெறாமலே நின்றுவிட்டது.

கட்டடச் சாஸ்திரம் பயில விரும்புபவருக்கு இந்த அரைகுறைக் கட்டடம் ஒரு பாடசாலை. பல தசாப்தங்கள் காடு மண்டி, கவனிப்பாரின்றிக் கிடந்த அதன் பூச்சில்லாத தடித்த செங்கற்சுவர்கள், பிற்காலத்தில் செப்பனிடுகிறவரை மழையிலேயே நின்றன, விழுந்துவிடவில்லை. அத்தகைய சுவர் மழை பெய்யும்போது நனையும், வெயிலடிக்கும்போது உலரும். நனைவதும் உலர்வதும் சமமாக இருக்கும் மட்டும் செங்கல்லுக்கு மரணமில்லை. சுற்றிலும் இருக்கும் தாழ்வாரங்கள் நனைவதைக் குறைத்தன. மேலே ஒன்றும் பூசி அடைக்காததனால் உலர்வதற்குத் தடை ஏற்படவில்லை. அந்தச் சுவர்களை அடுக்கியவர்கள் நம் பாட்டன்மார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள் இச்சபையில் பலர் இருப்பீர்கள். லயத்து வீட்டைப் புகழ்ந்து பேசுவது நியாயமன்று. இட நெருக்கடியும் புகையும் அவமானமும் நிறைந்த வாசம் அது. எனினும் அத்தாப்புக் கூரை போய்த் தகரக் கூரை வந்தபோது என்ன நடந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மழை ஒழுகுவது குறைந்தது. ஆனால் விடியற்காலையில் மழையே இல்லாமல் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து பாயை நனைத்தது. இரவில் வானத்தை நோக்கித் தகரம் தன் உஷ்ணத்தை இழந்து குளிர்ந்துவிட, வீட்டுக்குள் இருந்த ஈரக்காற்று அதில் பட்டு நீராக மாறியதே அதன் காரணம். காற்றிலே ஜலம் ஒளிந்திருக்கிறது என்பதை நம் மக்கள் புத்தகத்திலே படிக்கவில்லை, நனைந்த பாயிலே படித்தார்கள்.

அடுத்து வந்தது சிமெண்டு. 1824-இல் இங்கிலாந்திலே ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் உரிமைப் பத்திரம் பெற்ற இந்தப் பொருள் இன்று தாசேக்கிலும் கந்தானிலும் நம் சுண்ணாம்பு மலைகளையே அரைத்துத் தயாராகிறது. அதன் வலிமையை நான் குறை கூறவில்லை. ஆனால் சுண்ணாம்புக் காரைக்கும் சிமெண்டுப் பூச்சுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மெல்ல மெல்ல இறுகுவது. இறுகிய பின்னும் நுண்துளைகளின் வழியாக ஈரத்தை வெளியே விடுவது. செட்டிநாட்டில் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுவர்கள் கண்ணாடிபோல் பளபளப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் ஆயுளைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை அவ்வளவு எளிதில் வெளியே விடாது. பழைய செங்கற்சுவர்மேல் அதைப் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகும்.

நம் புந்தோங்கிலேயே, பாரி ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலங்களிலுள்ள எந்தத் தெருவிலும் இதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் அடித்திருக்கும். வர்ணம் கொப்புளித்து, கையால் தொட்டால் உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மண்ணிலுள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகளைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி, காற்றுப் பட்ட இடத்தில் ஜலம் ஆவியாகிவிட, அது சுமந்து வந்த உப்பு மட்டும் அங்கே தங்கிப் படிகமாகிப் பூச்சை நெம்பித் தள்ளுகிறது. வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? தீபாவளிக்கு ஒரு முறை சுரண்டிவிட்டுப் புது வர்ணம் அடிக்கிறார். சில வருஷங்களில் சலிப்புத் தட்டி, இடுப்பளவுக்குப் பளபளப்பான ஓடு பதித்துவிடுகிறார். அடுத்த தீபாவளிக்குள் ஓட்டுக்கு மேலே அதே கொப்புளம் தோன்றுகிறது. உலர வழியில்லாத ஈரம் இன்னும் மூன்றடி ஏறியிருக்கிறது, அவ்வளவே. கட்டும்போதே அஸ்திவாரத்துக்கு மேல், முதல் வரிசைச் செங்கல்லின் கீழ், ஈரம் புகாத ஒரு தார்த்தாளையோ தடித்த பிளாஸ்டிக் விரிப்பையோ சுவரின் முழு அகலத்துக்கும் போட்டிருந்தால், இந்தச் செலவுகளில் ஒன்றும் தேவைப்பட்டிராது. அதன் விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டின் மொத்தச் செலவிலே கண்ணுக்குத் தெரியாத தொகை அது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் கதையும் இதனோடு சேர்ந்ததுதான். கம்பிக்கு மேல் போதிய கனத்தில் கான்கிரீட் இல்லாவிட்டால், காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே நுழைந்து கம்பியின் காவலைக் கெடுக்க, ஈரம் அதைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, தான் பிறந்த இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை வேண்டுவது. அந்த நெருக்கத்திலேதான் கூரைத்தளங்கள் வெடித்துப் படுக்கைமேல் விழுகின்றன.

காற்றின் விஷயத்தைப் பின்னர்ச் சொல்வதாகச் சொன்னேன். கச்சான் பூத்தே என்னும் நொறுக்குத்தீனிக்குப் பேர்போன புந்தோங்கில் இதை விளக்குவது சுலபம். வறுத்த கடலையும் முறுக்கும் நமுத்துப் போகாமல் இருக்க வேண்டுமானால் டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மூடி சற்றே இளகியிருந்தால், திறந்து வைத்ததற்கும் மூடி வைத்ததற்கும் அதிக பேதமில்லை. நம் வீடுகளிலே குளிர்சாதனம் பொருத்திய அறைகள் இளகிய மூடியுள்ள டப்பாக்களாகவே இருக்கின்றன. வெளியே 30 பாகை உஷ்ணத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு ஈரப்பதத்துடன் இருக்கும் காற்று, 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகக் கசியத் தொடங்கும். நாமோ அறையை 22 பாகைக்குக் குளிர வைக்கிறோம். கதவிடுக்கிலும், ஜன்னல் ஓரத்திலும், கூரைத்தட்டில் விளக்குக்காக வெட்டிய ஓட்டையிலும் நுழையும் ஈரக்காற்று, குளிர்ந்த சுவரைக் கண்ட இடத்திலெல்லாம் வியர்த்துவிடுகிறது. அலமாரிக்குப் பின்னால் கரும்பூசணம் பிடிப்பதும், பட்டுப் புடவையில் வாடை அடிப்பதும் இதனாலேயே. சுவர் முழுவதும் ஊடுருவும் ஈரத்தைவிட, ஒரு சிறு இடுக்கின் வழியாகக் காற்றோடு வந்து சேரும் ஈரம் பன்மடங்கு அதிகம். ஆகையால் அறையைத் திறந்து வைப்பதானால் கம்பத்து வீட்டைப்போல் நன்றாகத் திறந்து, எதிரெதிர் ஜன்னல் வைத்து, காற்றை ஓடவிடுங்கள். மூடுவதானால் இடுக்கெல்லாம் அடைத்து நன்றாக மூடுங்கள். இரண்டுங்கெட்டான் நிலைதான் வீட்டுக்கும் கெடுதல், வீட்டிலுள்ளோரின் நெஞ்சுக்கும் கெடுதல்.

இவையெல்லாம் ஏழை நாட்டுக் கஷ்டங்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கனடா தேசத்தின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கார்டன் என்ற அறிஞர் 1963-இல் ஒரு சிறு பிரசுரத்திலே, மழை சுவருக்குள் நுழைவதற்கு மூன்று வேண்டும் என்று எழுதினார்: ஜலம், அது புகுவதற்கு ஒரு துவாரம், அதை உள்ளே தள்ளும் ஒரு சக்தி. துவாரமே இல்லாத சுவரை மனிதனால் கட்ட முடியாது. ஆகவே தள்ளும் சக்தியை ஒழியுங்கள், வெளிச்சுவருக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஓர் இடைவெளி விட்டு, புகுந்த நீர் கீழே வடிந்து வெளியேறட்டும் என்பது அவருடைய உபதேசம். இந்த உபதேசம் பிறந்த அதே தேசத்தின் வான்கூவர் நகரில், 1980-களிலும் 90-களிலும், வெயில் மிகுந்த மத்தியதரைக் கடல் நாட்டு வீடுகளின் பாணியை விரும்பி, இறவாரமே இல்லாத அடுக்குமாடிகளை மழைநாட்டிலே எழுப்பினார்கள். மரச்சட்டத்தின் மேல் பூச்சைப் பூசி, நீர் புகாது என்று நம்பினார்கள். புகுந்தது, வெளியேற வழியின்றி மரம் உள்ளுக்குள்ளேயே மக்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனாளிகளாக, 1998-இல் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் அமைக்கும்படி ஆயிற்று.

ஈப்போவைச் சுற்றிப் புதிதாக எழும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சம்பவந்தான் நினைவுக்கு வருகிறது. பெட்டிபோன்ற முகப்பு, கூரை வெளியே தெரியாதபடி உயர்த்திய கைப்பிடிச்சுவர், ஜன்னலுக்கு மேல் ஒரு சாண் நிழல்கூட இல்லாத வழவழப்பு. விளம்பரப் படத்திலே இவை அழகாகத்தான் இருக்கின்றன. 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் இறவாரத்தை வெட்டிவிட்ட கட்டடக் கலைஞரை நாகரிகமானவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தம் வேலை தெரியாதவர் என்றே சொல்லுவேன்.

ஜன்னலைச் சுற்றிப் பூசும் ரப்பர் பசையையும், மொட்டைமாடிக்குப் பூசும் நீர்காப்பு மருந்தையும் நம்பியே வீட்டை ஒப்படைத்துவிடுகிறவர்கள், எந்தப் பசைக்கும் ஓர் ஆயுள் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் சமயம் இதை மறக்கவில்லை. மூலவரின் பீடத்தைச் சுற்றி எட்டுப் பொருள்களை இடித்துச் சார்த்தும் அஷ்டபந்தனம் இளகிவிடும் என்று தெரிந்தே, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். அதை முன்னிட்டுக் கோபுரத்தில் முளைத்த செடியைப் பிடுங்கி, சுதைச் சிற்பங்களின் விரிசலைச் சரிசெய்து, வர்ணம் தீட்டி, கலசத்தை இறக்கிப் பார்த்து ஏற்றுகிறோம். திருப்பணி என்று எவ்வளவு பயபக்தியோடு நிதி திரட்டுகிறோம்! அதில் பத்தில் ஒரு பங்கு சிரத்தையைச் சொந்த வீட்டின் கூரைத் தொட்டியில் அடைத்துக்கொண்டிருக்கும் இலைதழைகளின்மேல் காட்டினால் போதும். அடுக்குமாடியில் குடியிருப்போர், பராமரிப்புக் கட்டணத்தைக் கட்ட மனமில்லாமல் இருந்துகொண்டு, மேல்வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது என்று சண்டை பிடிப்பதிலும் பிரயோஜனமில்லை. அந்தக் கட்டணந்தான் அக்கட்டடத்தின் கும்பாபிஷேக நிதி.

உங்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அடுத்த முறை மாலையில் பெருமழை பிடிக்கும்போது, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒரு குடையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். கூரைத் தொட்டி எங்கே நிரம்பி வழிகிறது, எந்தச் சுவரில் சாரல் அடிக்கிறது, ஜன்னல் தலையில் நீர் சொட்டுகிறதா ஊர்கிறதா, முற்றத்துத் தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடுகிறதா அல்லது வீட்டை நோக்கி வருகிறதா என்று பார்த்து, ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வர்ணக் கடைக்குப் போவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை ஒரு நல்ல கொத்தனாரிடம் காட்டுங்கள். அப்படிப்பட்டவர்கள் சிலர் இங்கேயே, உங்கள் பக்கத்து நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.